'இயற்கை' என்று பெயர் வைத்தால் போதுமா?



இங்கே பம்மலில் ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் சரி, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருந்தாலும் சரி, பெண்கள் பேச்சு எப்படியோ தைராய்டில் வந்து நிற்கிறது. "உனக்கு எவ்வளவு பவர்?" "எனக்கு 50, எங்க நாத்தனாருக்கு 100." மூக்குக்கண்ணாடி பவர் பேசுகிற மாதிரிதான். இது வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. சென்னை உட்பட 8 நகரங்களில் எடுத்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் 100-க்குச் சுமார் 11 பேருக்குத் தைராய்டு குறைவாகச் சுரக்கும் கோளாறு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. நானும் அந்தக் கணக்கில் ஒருத்தி. ஆறு வருடமாக மாத்திரை போடுகிறேன்.

இந்தப் பேச்சில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "அமெரிக்காவில் இயற்கைத் தைராய்டு மாத்திரை கிடைக்குதாம். கெமிக்கல் இல்லையாம். அதைப் போட்டா உடம்பும் குறையுமாம்." வாட்ஸ்அப்பில் வருகிறது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வழியாக வருகிறது. எங்கள் தெருவில் ஒரு மாமி, மகன் ஊருக்கு வரும்போது வாங்கி வரச் சொல்லிவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். முட்டை போட்ட கேக்கைக்கூட வீட்டுக்குள் விடாதவர் அவர். அந்த மாத்திரை எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பன்றியின் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்துப் பொடித்துச் செய்வது அது. அந்த நாட்டில் அது நூறு வருடத்துக்கு மேல் விற்கிறது. பெயர் பெற்ற ஒரு பிராண்டான ஆர்மர், சிகாகோவில் இறைச்சி வியாபாரம் செய்த கம்பெனியின் பெயர்தான்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதில் என்ன தடை என்று கேட்கலாம். பன்றி என்று தெரிந்தால் நம் முஸ்லிம் சகோதரிகளும் தொடமாட்டார்கள், அது ஒரு பக்கம். நான் சொல்ல வருவது வேறு. 'இயற்கை' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் நாம் மேலே கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு முருங்கைக்கீரைக்கு நாலு கேள்வி கேட்கிற நாம்தான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி மாதிரி இருப்பது தைராய்டு சுரப்பி. அது முக்கியமாகச் சுரப்பது டி-4 என்கிற தைராக்சின். கொஞ்சமாக டி-3-யும் சுரக்கும். டி-4 ஒரு சேமிப்புச் சரக்கு. உடம்பு தேவைக்கு ஏற்ப அதை டி-3 ஆக மாற்றிக்கொள்கிறது. சுரப்பி சோர்ந்து போனால் உடம்பே மந்தமாகிவிடும். களைப்பு, மலச்சிக்கல், முடி கொட்டுதல், குளிர் தாங்காமை, மாதவிலக்குக் கோளாறு, எடை ஏற்றம் எல்லாம் வரும். பாதிப் பேருக்கு "வேலை செய்ய வணங்காம சோம்பேறியாயிட்டா" என்ற பெயரும் சேர்ந்து வரும். ரத்தத்தில் டி.எஸ்.எச். பார்த்தால்தான் உண்மை தெரியும். அது மூளையிலிருந்து சுரப்பிக்குப் போகும் அதட்டல் மாதிரி. சுரப்பி மெத்தனமாக இருந்தால் அதட்டல் கூடும், அதனால்தான் நோய் இருக்கும்போது டி.எஸ்.எச். ஏறுகிறது.

ஒரு காலத்தில் இதற்கு மருந்தே இல்லை. 1891-ல் இங்கிலாந்தில் நியூகாசில் ஊரில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், உடம்பெல்லாம் ஊதி, பேச்சுக் குழறி, நடமாட்டம் ஒடுங்கிப்போன 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா தேறினார். அடுத்த வருடமே, ஊசி வேண்டாம், வாய்வழியாகக் கொடுத்தாலே போதும் என்று வேறு டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். ஒருவர் ஆட்டுச் சுரப்பியை லேசாக வறுத்து, பொடியாக நறுக்கி, ஜெல்லி தொட்டுச் சாப்பிடச் சொன்னாராம்! சிரிப்பு வருகிறது, ஆனால் சாகக் கிடந்தவர்கள் பிழைத்தார்கள். மர்ரேயிடம் வந்த அந்தப் பெண் 28 வருடம் வாழ்ந்து 1919-ல் 74 வயதில் இறந்தார். அந்த 28 வருடத்துக்கு அவருக்குத் தேவைப்பட்டது 870 ஆடுகளுக்கு மேலான சுரப்பி.

ஆகவே பிராணியின் சுரப்பியை நான் மட்டம் தட்டவில்லை. அன்றைக்கு அது உயிர் கொடுத்தது. ஆனால் ஓர் ஆட்டுக்கு இருக்கும் சத்து இன்னொரு ஆட்டுக்கு இருக்காதே. இன்றைக்குப் போட்ட வேளை பலமாக இருக்கும், அடுத்தது சப்பென்று இருக்கும். அதனால்தான் அதற்குள் இருக்கும் சரக்கை மட்டும் தனியாகப் பிரிக்க முயன்றார்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் என்பவர் 1914 கிறிஸ்துமஸ் அன்று தைராக்சினைப் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பைக் கண்டுபிடித்து 1927-ல் ஆய்வகத்திலேயே செய்து காட்டியவர்கள் ஹாரிங்டனும் பார்ஜரும். இன்று நம் வீட்டுப் பாட்டிலில் இருக்கும் லெவோதைராக்சின் அந்த வழியில் வந்ததுதான்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஆய்வகத்தில் செய்ததாக இருந்தாலும் இது நம் உடம்புக்கு அந்நியப் பொருள் இல்லை. நம் சுரப்பி சுரக்கும் தைராக்சினும் இதுவும் ஒரே அச்சு, இம்மி வித்தியாசம் இல்லை. பன்றிச் சுரப்பியில்தான் வித்தியாசம். மனிதச் சுரப்பி டி-4-ஐ 14 பங்கு சுரந்தால் டி-3-ஐ ஒரு பங்குதான் சுரக்கும். பன்றி மாத்திரையில் 4 பங்குக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் இருக்கிறது. 38 மைக்ரோகிராம் டி-4, கூடவே 9 மைக்ரோகிராம் டி-3. பன்றிக்கு அது இயற்கை, சரி. நமக்கு எப்படி இயற்கை ஆகும்? டி-3 சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும் சரக்கு. அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவதும், எலும்பு தேய்வதும் உண்டு. 'உடம்பு குறையும்' என்று ஆசை காட்டுகிறார்களே, அளவு மிஞ்சிக் குறைந்தால் அது ஆரோக்கியம் இல்லை.

அளவு மாறாது என்ற உத்தரவாதமும் கிடையாது. அமெரிக்காவிலேயே 2020-ல் இப்படி ஒரு பன்றித் தைராய்டு மாத்திரையில் சில தொகுதிகளை, டி-3 அளவு கூடிவிட்டது என்று கம்பெனி திரும்பப் பெற்றது. இவ்வளவு காலம் விற்றும் இந்த மாத்திரைகள் அந்த நாட்டு மருந்துத் துறையின் முறையான ஒப்புதல் பெற்றவை அல்ல. 2025 ஆகஸ்டில் அந்தத் துறை இதைக் குறிப்பிட்டுக் கம்பெனிகளுக்குக் கடிதமே அனுப்பியது. நாம் என்னவோ அமெரிக்காவிலிருந்து வருகிறது என்றால் எல்லாம் தங்கம் என்று நினைக்கிறோம்.

இருந்தாலும் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் 70 பேருக்கு எது எந்த மாத்திரை என்று சொல்லாமல் கொஞ்ச காலம் அதையும், கொஞ்ச காலம் இதையும் கொடுத்துப் பார்த்தார்கள். களைப்பு, மனநிலை, ஞாபகம் போன்றவற்றை அளந்து பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எது பிடித்தது என்று கேட்டபோது, கிட்டத்தட்டப் பாதிப் பேர் பன்றி மாத்திரைக் காலத்தையே சொன்னார்கள். எடையும் ஒன்றரைக் கிலோ அளவுக்குக் குறைந்திருந்தது. அந்தப் பாதிப் பேரும் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். டி.எஸ்.எச். நார்மல் ஆன பிறகும் களைப்பு தீராத பெண்கள் இருக்கிறார்கள், இது உண்மை.

இந்த ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டாக்டரிடம் போய், "மாத்திரை ஒழுங்காத்தான் போடறேன் சார், ஆனா சாயங்காலம் ஆனா எழுந்திருக்கவே முடியல" என்றால், ரிப்போர்ட்டைப் பார்த்து "நார்மலாத்தானேம்மா இருக்கு" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். இரண்டு நிமிடம். காது கொடுத்துக் கேட்கிற ஆள் கிடைத்தால் அவன் விற்பதை நாம் வாங்கிவிடுகிறோம். ரத்தசோகையா, பி-12 குறைவா, வைட்டமின் டி குறைவா, தூக்கமே இல்லையா, மனச்சோர்வா என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தால் நம்மில் எத்தனையோ பேருக்கு விடை அங்கேயே கிடைத்திருக்கும். நம் வீட்டுப் பெண்களுக்கு ரத்தம் குறைவு என்பது ஊர் அறிந்த விஷயம். தைராய்டு என்று பெயர் வந்ததும் எல்லாக் களைப்பையும் அதன் தலையில் கட்டிவிடுவது டாக்டருக்கும் வசதி, வீட்டுக்கும் வசதி.

இன்னொன்று, மாத்திரை உள்ளே போகிறதே தவிர உடம்பில் சேருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், அப்புறம் அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. காப்பி கூடாது! இந்த ஊரில் இதைவிடக் கஷ்டமான பத்தியம் உண்டா? பால்காரர் வந்து, டிக்காஷன் இறங்கி, மாமனாருக்குக் கொடுக்கும்போதே நாமும் ஒரு வாய் குடித்துவிடுகிறோம். காப்பி மாத்திரையைச் சேரவிடாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் இன்னும் மோசம், அவற்றுக்கும் இதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே விழுங்கு விழுங்குகிறவர்களுக்கு டி.எஸ்.எச். இறங்காது, டாக்டர் பவரை ஏற்றுவார். காலையில் முடியவே முடியாது என்றால் இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், பலருக்கு அது சரிப்படுகிறது. பாட்டிலை அடுப்பு மேடை அலமாரியில் வைக்காதீர்கள். அந்தச் சூடும் ஆவியும் மாத்திரைக்கு ஆகாது.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உண்டு. அது சில ரத்தப் பரிசோதனைக் கருவிகளையே ஏமாற்றி, தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டவைக்கும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாகவே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். லேப்பில் யாரும் கேட்க மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்க மாத்திரை எட்டாதவர்களுக்கு உள்ளூரிலேயே 'இயற்கை' இருக்கிறது. மல்லி விதை ஊறவைத்த தண்ணீர், மந்தாரைப் பட்டைக் கஷாயம், ஏதோ ஒரு சூரணம், '90 நாளில் தைராய்டுக்கு விடுதலை'. மல்லித் தண்ணீர் குடித்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, தாராளமாகக் குடியுங்கள். ஆனால் அதில் தைராக்சின் இல்லை. நம்மில் பெரும்பாலோருக்குச் சுரப்பி கெடுவது ஏன் தெரியுமா? உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதைப் பகையாக நினைத்துத் தாக்குவதால். 1912-ல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பான் டாக்டர் எழுதிவைத்த நோய் இது. இடிந்துபோன அடுப்பில் எந்த விறகை வைத்தாலும் சோறு வேகாது.

அப்படியானால் "நான் மாத்திரையை நிறுத்திட்டு அந்தக் கஷாயம்தான் குடிச்சேன், ஒரு மாசம் நல்லாத்தானே இருந்தேன்" என்று சொல்கிறார்களே? இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். தைராக்சின் உடம்பில் மெதுவாகக் கரையும். நிறுத்தி ஒரு வாரம் ஆனாலும் பாதி இருக்கும். உடம்பு படுத்துவதற்குப் பல வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் வேலை செய்தது ஏற்கெனவே போட்ட பழைய மாத்திரை. பெயர் வாங்கியது கஷாயம். வீடியோவில் சாட்சி சொல்கிற பெண்கள் எல்லாம் இந்த ஒரு மாதத்துக்குள் பேசியவர்களாக இருக்கலாம். ஆறு மாதம் கழித்து அவர்களை யார் போய்ப் பார்த்தார்கள்?

சித்த வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, முறையாகப் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அங்கே போய், இந்த மாத்திரை போடுகிறேன் என்று பாட்டிலைக் காட்டிச் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டே பாருங்கள். பெயர் தெரியாத பொடி விற்கிறவனை நம்பி இருக்கிற மாத்திரையை நிறுத்துவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். எல்லோருக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை என்பதும் இல்லை. பிள்ளை பெற்ற பிறகு வரும் தைராய்டுக் கோளாறு சிலருக்குத் தானே சரியாகும், அளவு கொஞ்சமே ஏறியிருந்தவர்களுக்கு டாக்டரே நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. அளந்து பார்த்து நிறுத்துவது வேறு, ஆசைப்பட்டு நிறுத்துவது வேறு.

உப்பையும் விட்டுவைக்கவில்லை. இயற்கை என்று சொல்லிக் கல் உப்புக்கும் இந்துப்புக்கும் மாறுகிறார்கள். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று 2006-லிருந்து நாடு முழுக்கத் தடை இருக்கிறது, அது காரணம் இல்லாமல் வந்ததில்லை. பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், முக்கியமாகப் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் இருக்கும் வீட்டில்.

எனக்கு மனசு பொறுக்காத விஷயத்துக்கு வருகிறேன். வரன் பார்க்க ஆரம்பித்ததும் பெண்ணின் மாத்திரைப் பாட்டிலை ஒளித்துவைக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். "கல்யாணத்துக்கு முன்னாடி இயற்கையா சரி பண்ணிடலாம்" என்று மாத்திரையை நிறுத்திச் சூரணம் கொடுக்கிறார்கள். கல்யாணமாகிப் புகுந்த வீட்டில் அவள் எப்படிப் பாட்டிலை எடுத்து வெளியே வைப்பாள்? மூன்று மாதத்தில் உண்டாகிவிடுகிறாள், எல்லோருக்கும் சந்தோஷம். அந்த முதல் மூன்று மாதம் வயிற்றுக் குழந்தைக்குத் தன் தைராய்டு வேலை செய்யாது, அம்மாவின் தைராக்சினை நம்பித்தான் அதன் மூளை வளர்கிறது. மாத்திரை போடுகிற பெண்ணுக்கே அந்தச் சமயத்தில் கால் பங்குக்கு மேல் அளவு கூட்ட வேண்டிவரும். நாள் தள்ளிப்போனதும் டாக்டரைப் பார்க்கச் சொல்வது அதற்குத்தான். இவளோ அறவே நிறுத்தியிருக்கிறாள். கருக்கலைப்பு தானாக ஆகலாம், குறைமாதப் பிரசவம் ஆகலாம், பிள்ளையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கலாம். பன்றி மாத்திரை போடுகிறவர்களையும் கர்ப்ப காலத்தில் லெவோதைராக்சினுக்கு மாற்றிவிடுவதுதான் முறை, ஏனென்றால் குழந்தையின் மூளைக்கு வேண்டியது டி-4, அது அதில் போதாது.

கண்ணாடி போட்ட பெண்ணைக் கட்டிக்கொள்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இருந்தால் "இப்ப யாருக்குத்தான் இல்ல" என்கிறார்கள். தினம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, ஒரு டீ விலைகூட ஆகாதது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருவது, அதைப் போடுகிற பெண்ணிடம் மட்டும் என்ன குறை கண்டார்கள்? பெண்ணைப் பெற்றவர்கள் முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று போகிறவர்கள் போகட்டும். நாளைக்குப் பிரசவத்தில் ஒரு சிக்கல் என்றால் அந்த வீடு எப்படி நடந்துகொள்ளும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாமியாராக இருக்கும் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. மருமகள் காலையில் அரை மணி நேரம் காப்பி குடிக்காமல் இருந்தால் அது வீம்பு இல்லை. அந்த நேரத்தில் "உண்டாயிருக்கும்போது இங்கிலீஷ் மருந்து எதுக்கு, சூடு" என்று சொல்லிப் பாட்டிலை வாங்கி வைத்துவிடாதீர்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். சமையல் குறிப்புக்கும் கோலத்துக்கும் இடம் தருகிற இந்த இணைப்பில், ஹார்மோன் சிறப்பு மருத்துவர் ஒருவரை நாலு வாரம் பதில் சொல்ல வைக்க முடியுமா? டி.எஸ்.எச். நார்மல் ஆகியும் களைப்பு போகாதவர்கள் அடுத்து எதைப் பார்க்க வேண்டும், எவருக்கு டி-3 சேர்த்துக் கொடுப்பார்கள், எவருக்குக் கூடவே கூடாது, குழந்தை பிறந்த உடனே குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கும் பரிசோதனை நம் பக்கத்தில் எந்தெந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, இவையெல்லாம் எங்களுக்குத் தெரிய வேண்டும். கேள்விகளை நாங்கள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிவிடுகிறோம்.

- ஒரு வாசகி, பம்மல், சென்னை-75.